காவலாளி தரும் காசுக்கும் ஈடு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் பார்ப்பவள் நான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது, ஊழியர் தரும் நிவாரணப் பணத்துக்கு ஈடாக அதே தொகையைத் தாமும் போடுவதாக எங்கள் நிர்வாகம் அறிவித்தது. நல்ல காரியம். படிவத்தில் ஒரு கையொப்பம் போதும், சம்பளத்தில் கழித்துவிடலாம். ஆயிரம் ரூபாய் இரண்டாயிரமாகப் போய்ச் சேரும்.

ஆனால் நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்றொரு வரியும் அதில் இருந்தது. எங்கள் மாடியைத் துடைக்கும் அக்கா பதுளைப் பக்கம். மண்சரிவுக்குப் பயந்து அவருடைய தாய் பாடசாலையொன்றில் தங்கியிருந்த நாட்களில், நாலாக மடித்த இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை என் மேசையில் வைத்தார். வேறு கம்பனி மூலம் வேலைக்கு வந்தவர் என்பதால் அந்தப் பணத்துக்கு ஈடு கிடைக்கவில்லை. முகாமையாளரின் ஐம்பதாயிரத்துக்குக் கிடைத்தது. எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை.

நிறுவனங்களிடம் கேட்கிறேன்: வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லோரையும் சேருங்கள். குறைந்த சம்பளக்காரர் தருவதற்கு இரண்டு மடங்கு போடுங்கள். அதனால் உங்கள் செலவு பெரிதாக ஏறிவிடாது. ஒரு மாதத்தில் கணக்கை மூடவும் வேண்டாம். உலர் உணவுப் பொதிகள் முதல் வாரத்திலேயே குவிந்துவிடும், பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் பாடசாலை திறக்கும்போதுதான் தேவைப்படும். சேர்ந்த பணம் எங்கே போனது என்பதை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை.