வர்த்தமானி போனாலும் சட்டம் போகவில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனபோதும், 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளை அரசு ஏற்றபோதும் நாட்டின் இறைமை பறிபோகிறதென்று பலர் கொதித்தார்கள். கொதித்தது நியாயந்தான். ஆனால் அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களிடமே உள்ளது என்கிறது. அந்த மக்களின் காணியை அரசே ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தன்னுடையதாக்கப் பார்த்தால் அதையும் இறைமைப் பிரச்சினையாகவே பேச வேண்டும்.

2025 மார்ச் 28ஆந் திகதி வர்த்தமானி, 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கரைக் குறித்தது. யாழ். மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. கெடு முடியும் தறுவாயில், ஜூன் 27இல், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் மீளப்பெறுவதாக அறிவித்தது. அத்தோடு ஊரில் பேச்சு அடங்கிவிட்டது. அடங்கியிருக்கக் கூடாது. 1931இன் சட்டம் அப்படியே இருக்கிறது. அதற்கும் அடியில் 1840இன் கட்டளைச் சட்டம்: காடும் தரிசும் பயிரிடாத நிலமும் வேறொருவருடையதென நிரூபிக்கப்படும்வரை முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியவை என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த அனுமானம். 1990இல் போரின்போது வலிகாமம் வடக்கு மக்களை எழுப்பிவிட்டு, இராணுவம் உள்ளே போகவிடாமல் மறித்து வைத்திருந்த வளவில் பற்றை வளர்ந்தது யாருடைய குற்றம்? அங்கேதான் 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள்.

மூன்று மாதம் ஏன் போதாது என்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இத்தகைய அறிவித்தல் காணியை நில அளவை வரைபட இலக்கத்தாலும் துண்டு இலக்கத்தாலும் சொல்லும். எங்கள் பழைய காணி உறுதிப் பத்திரமோ வளவின் பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி, கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருடைய சீதனக் காணி என்று சொல்லும். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்குப் பார்த்தால் மட்டும் இரண்டும் பொருந்தாது. அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவர் எல்லையைக் கண்டுபிடித்து, அரச வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்ட வேண்டும். மதிலும் கதியால் வேலியும் அழிந்த இடத்தில் அந்த வேலையே மாதக்கணக்கில் இழுக்கும்.

உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், அதை எழுதிய நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காணியின் பெயரைக் கொண்டு தோம்பு, அதாவது பதிவகத்தின் காணிப் பதிவேடு, தேட வேண்டும். உரித்தாளி இறந்து பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்தால் மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், தங்கள் சார்பில் இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் கொடுத்துத் தூதரகத்தில் ஒப்பமிட்ட அற்றோணித் தத்துவம் எல்லாம் வேண்டும். அந்தத் தத்துவம் இங்கே பதிவாகாவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பலருக்குத் தடைப்படுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திராமல் உறுதிப் பிரதியையும் தோம்புப் பிரதியையும் இப்போதே எடுத்து வையுங்கள். பிரிபடாத பங்கென்றால் எல்லாப் பங்காளரின் பெயரையும் முறையாக எழுதிக்கொள்ளுங்கள். பிரதேச சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். அது உரித்தை நிறுவாது, ஆனால் காணி உங்கள் ஆட்சியில் இருந்ததைக் காட்டும்.

அரசு நல்லெண்ணத்தோடுதான் செய்தது என்றால் அதைச் சட்டத்தில் காட்டட்டும். போரால் பாழான காணிக்கு 1840இன் அனுமானம் செல்லாது என்று திருத்தம் கொண்டுவரட்டும். உரித்தாளிக்குத் தனித்தனியே அறிவித்தல் கொடுக்கட்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலும் இல்லை. இவை நடக்கும்வரை காணி நிர்ணய அறிவித்தல் எதையும் வடக்கில் வெளியிடுவதில்லை என்று பாராளுமன்றத்தில் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர்,
தெல்லிப்பழை.