அரக்குக்கு ஒரு நாள் டூர்: சுப்பையாவுக்கு

விசாகப்பட்டினம்
நவம்பர் 24

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தப்பாமல் விடச் சொல் என்று எழுத வந்தேன். ரயில்வே வேலையில் கண்ட்ரோல் ஆபீசுக்கு வண்டி நேரம் சொன்ன மாதிரி நீயே பக்கத்தில் நின்று மணி சொல்லிக்கொண்டிருப்பாய், அதனால் விட்டுவிட்டேன். தென்காசியில் மழை எப்படி? ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா?

இங்கே எல்லோரும் சௌக்கியம். சரோஜாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பேரன் இப்போது எங்களிடமே தெலுங்கில் பேசுகிறான். நாங்கள் தமிழில் பதில் சொல்கிறோம், வண்டி ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அரக்குப் பள்ளத்தாக்குக்கும் பொர்ரா குகைக்கும் போய்வந்தோம். டூரில்தான். உனக்கு டூர் என்றாலே ஆகாது, தெரியும். "ஆளுக்கொரு தொப்பியைக் கொடுத்து மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போவான், நாம் ஏன்வே போகணும்" என்று நீ கொடைக்கானலில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நல்ல வேளை, இவர்கள் தொப்பி கொடுக்கவில்லை. மகன்தான் ஏற்பாடு பண்ணினான். ரயிலில் ஏறி மலைக்கு மேலே போவது, பஸ்ஸில் இறங்கி வருவது. ரயில் என்றதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்தப் பாதையைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னாலேயே கிரந்துல் பாசஞ்சர் கிளம்பிவிடுகிறது. கொத்தவலசையில் மெயின் லைனை விட்டுப் பிரிந்து, சிருங்கவரப்புக்கோட்டை தாண்டியதும் மலை ஆரம்பம். நம்ம செங்கோட்டை - புனலூர் லைன் ஆள் போவதற்கும் சரக்கு போவதற்கும் சேர்த்துப் போட்டது. இது அப்படியில்லை. 1960களில், சத்தீஸ்கரில் இருக்கிற பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இறக்கி ஜப்பானுக்குக் கப்பலேற்றுவதற்காகவே, ஜப்பான்காரர்கள் உதவியோடு போட்ட பாதை. மொத்தம் 58 சுரங்கப்பாதை என்கிறார்கள். நான் எண்ண ஆரம்பித்து, டீ வந்ததும் விட்டுவிட்டேன். சிமிலிகுடா என்று ஒரு ஸ்டேஷன், கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டர். நாட்டிலேயே உயரமான பிராட்கேஜ் ஸ்டேஷன் என்ற பெயர் ரொம்ப நாள் அதற்குத்தான் இருந்தது. காஷ்மீர் பக்கம் லைன் போட்டபின் போய்விட்டது.

2017லிருந்து இந்த வண்டியில் கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி உண்டு. நாற்காலியை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாமாம். எங்களுக்கு அதில் டிக்கெட் கிடைக்கவில்லை, சாதாரணப் பெட்டிதான். எனக்கு அதுதான் பிடித்தது. சிமிடிப்பள்ளியில் எதிர் வண்டிக்கு வழிவிட எங்களைப் பக்கத்து லூப் தண்டவாளத்தில் ஒதுக்கிப் போட்டார்கள். மேலேயிருந்து லோடு ஏற்றிய தாது வண்டி இறங்கி வந்தது. முன்னால் மூன்று என்ஜின். பின்னால் வேகன் வேகனாகச் செம்மண் நிறத்தில் தூள், முடிவே இல்லாமல். அது தாண்டும்போது பிரேக் பிளாக் சூடேறிய வாசனை ஜன்னல் வழியாகக் குப்பென்று வந்தது பார், சரோஜா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஆழமாக மூச்சு இழுத்தேன். நம்ம லைனில் பகவதிபுரத்தில், மேட்டில் தள்ளிவிட பேங்கர் என்ஜின் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்குமே, அந்த நாட்கள் எல்லாம் மூக்கு வழியாகவே வந்துவிட்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது. இன்னொன்றும் புரிந்தது. இந்த லைனில் தாதுதான் முதலாளி. நாமெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய ஆட்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வேலையைத்தானே நாம் முப்பது வருஷம் பார்த்தோம்.

டூர் கைடு ஒருவர் எங்களோடு வந்தார். மைக் வைத்திருந்தார். தெலுங்கு, ஹிந்தி, கொஞ்சம் இங்கிலீஷ். ஆள் நல்ல மனுஷன், பொறுமைசாலி. ஆனால் அவருக்குத் தலை எண்ணுவதுதான் வேலை. மலையைப் பற்றிக் கேட்டால் "வெரி நைஸ் ஸார், போட்டோ எடுத்துக்கோங்க" என்பார். அரக்கில் இறங்கி பஸ்ஸில் ஏறியதிலிருந்து இதே கதைதான். பழங்குடி மியூசியம், இரண்டாம் உலகப் போரில் படைக்குக் காய்கறி பயிரிட்டதாகச் சொல்லும் பத்மாபுரம் தோட்டம், எல்லாம் இறங்கு, ஏறு. ஆனால் ஒரு சாக்லேட் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த டிராவல்ஸுக்கும் கடைக்காரருக்கும் உள்ள கணக்கு, நம் தலையில் விடிகிறது. பஸ்ஸை விட்டு வெளியே நின்று ஒரு பெரியவர், "குகைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பீங்க?" என்று சத்தம் போட்டார். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

நடுவில் நல்லதும் இருந்தது. இந்த மாதம் அரக்கு முழுக்க வயல்கள் மஞ்சளாக இருக்கின்றன. பேயெள்ளு பூத்திருக்கிறது, இங்கே வலிசப்பூ என்கிறார்கள், எண்ணெய்க்காகப் போடுவது. வயலுக்குள் நின்று போட்டோ எடுக்க ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறாள் ஒரு ஆயா. நியாயம்தான், மிதிபடுவது அவள் பயிர்.

திம்சா ஆட்டமும் காட்டினார்கள். பெண்கள் முதுகுக்குப் பின்னால் கை கோத்து, ஒரே வரிசையாகக் காலை மாற்றி வைத்து வளைந்து வளைந்து வருகிறார்கள். கல்யாணத்திலும் அறுவடை முடிந்தும் ஆடுவது. இங்கே ஓட்டல் முற்றத்தில் பத்து நிமிஷம். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் நடுவே புகுந்து செல்ஃபி எடுத்ததில் வரிசை அறுந்து அறுந்து சேர்ந்தது. ஆடினவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் காசு அவர்கள் கைக்குப் போனதைப் பார்த்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பாடு விஷயத்தில் நீ பொறாமைப்படலாம். மூங்கில் குழாய்க்குள் மசாலா தடவிய கோழியைத் திணித்து, வாயை இலையால் அடைத்து, கனலில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. பச்சை மூங்கில் கருத்து, அடைத்த இலையோரம் நுரை கட்டிச் சீறியதும் எடுத்து, அரிவாளால் இரண்டாகப் பிளந்து இலையில் கொட்டுகிறான். கோழியின் சாறும் மூங்கிலின் சாறும் சேர்ந்து ஒரு வாசனை. சரோஜா சைவம் என்பதால் முழுக்க எனக்கே.

அப்புறம் காபி. அனந்தகிரிச் சரிவு முழுக்க சில்வர் ஓக் மரம், மரத்தில் மிளகுக் கொடி, நிழலில் காபிச் செடி. பயிரிடுகிறவர்கள் பழங்குடிக் குடும்பங்கள். 2019இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வழியில் எங்களுக்குக் கொடுத்த காபி, நம்ம ஊர் ஸ்டேஷன் கேன்டீன் ரகம்தான். கொட்டையை வாங்கி வந்து வீட்டில் அரைத்துப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இப்போது குகைக்கு வருகிறேன். அங்கே போனபோது சாயங்காலம் நெருங்கிவிட்டது. வாசலைப் பார்த்ததும் சத்தம் போட்ட பெரியவர்கூட அமைதியாகிவிட்டார். அவ்வளவு பெரிய வாய். படியில் இறங்கினால் சுமார் 80 மீட்டர் ஆழம் வரை போகிறது என்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஏன்தான் இந்தக் கல்யாண வீட்டு லைட்டோ. விளக்குக்குப் பக்கத்துப் பாறையில் மட்டும் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. வெளிச்சமே படாமல் கிடந்த இடத்தில் வெளிச்சம் போட்டால் பாசி வராமல் என்ன செய்யும்? மேலே வவ்வால் நாற்றம், காலுக்குக் கீழே ஈரம். சரோஜா மூன்றாவது வளைவிலேயே கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேதான் உள்ளூர்க் கைடு ஒரு பையன் வந்து சேர்ந்தான். பக்கத்து மலைக் கிராமம். இருபது, இருபத்திரண்டு வயசு, கையில் ஒரு டார்ச். மற்றவர்களுக்கு முதலில் வழக்கமான வரிசையைக் காட்டினான்: இது சிவன் பார்வதி, இது தாயும் பிள்ளையும், இது ரிஷியின் தாடி, இது காளான். டார்ச்சை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் தாடி தெரியும், கொஞ்சம் நகர்த்தினால் வெறும் கல். ஆடு மாடு மேய்த்த காலத்தில் கூரை ஓட்டை வழியாக ஒரு பசு உள்ளே விழுந்ததாம். தேடி இறங்கியவன் உள்ளே லிங்கத்தைப் பார்த்தானாம். பசுவின் மடி மாதிரித் தொங்கும் பாறையிலிருந்துதான் கோஸ்தனி ஆறு பிறக்கிறதாம். இந்தக் கதையையும் சொன்னான்.

கூட்டம் முன்னால் போனபிறகு நான் மெதுவாக நடப்பதைப் பார்த்து என்னோடு நின்றுகொண்டான். என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்தான். பிறகு, பேசாமல், டார்ச்சை ஒரு கல்விழுதின் நுனிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். நுனியில் ஒரு சொட்டு. பருத்துக்கொண்டே வந்தது. விழவில்லை. விழும் விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அது தன் பாட்டுக்குத் தொங்கியது. கடைசியில் விழுந்தபோது கீழே ஒரு கல்முளையின் தலையில், ஏற்கெனவே பள்ளமாகி மின்னிய இடத்தில் போய் விழுந்தது. அடுத்த சொட்டு மேலே ஊற ஆரம்பித்தது.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறிவிடுகிறது; அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. குகைக்குள் காற்றுப்பட்டதும் வாயு வெளியே போக, கரைந்த சுண்ணாம்பு நுனியில் படிகிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் வளரும். கையால் தொட்டால் கையிலுள்ள எண்ணெய் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் படிவது நின்றுவிடும். ஆள் உயரத்துக்குக் கைக்கு எட்டுகிற இடமெல்லாம் கருத்துப் பளபளவென்று இருந்தது. பையன் அதில் டார்ச் அடித்தானே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

நான் ரயில்வே என்று தெரிந்ததும் கையை மேலே காட்டினான். நமக்கு நேர் மேலே கே.கே. லைன், அதாவது கொத்தவலசை - கிரந்துல் லைன், போகிறதாம். காலையில் தாது வண்டிக்காகக் காத்திருந்தோமே, அதே லைன். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன், சுப்பையா. மேலே அத்தனை டன் ஓடுகிறது, கீழே அந்தச் சொட்டு அவசரமில்லாமல் ஊறுகிறது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது இன்னொன்றும் சொன்னான். குகையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் தோண்ட வெளியாட்களின் கம்பெனிகளுக்குக் குத்தகை கொடுத்திருந்தார்கள். அதை எதிர்த்து சமதா என்ற அமைப்பு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1997இல் தீர்ப்பு வந்தது: பழங்குடிகளுக்கான அட்டவணைப் பகுதியில் அரசு நிலத்தையும் பழங்குடியல்லாதவர்களுக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடக்கூடாது. நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் சமதா வழக்கு என்று படிப்பது இதைத்தான். காலையிலிருந்து மைக் பிடித்தவர் வாயில் இது ஒரு தடவைகூட வரவில்லை. சாக்லேட் கடை மட்டும் வந்தது.

கோஸ்தனியும் சும்மா கதையில்லை. அந்த ஆறு கீழே இறங்கி தாடிப்பூடி நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. விசாகப்பட்டினம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான். பிறகு பீமிலியில் கடலில் சேர்கிறது. வீட்டுக்கு வந்து மருமகளிடம் இதைச் சொன்னேன். "அதனாலதான் மாமா, ஹீட்டர் கம்பியில வெள்ளையாப் படியுது" என்றாள். சரியோ தப்போ, கேட்க நன்றாக இருந்தது.

அதனால் உன் டூர் விரோதத்தில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன், பாதியை இல்லை. கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டாம் என்கிறாயே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எந்த ஆள் என்பதுதான் கேள்வி. டார்ச் பையன் இல்லாமல் நான் மட்டும் போயிருந்தால் கலர் லைட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். நீயும் அப்படித்தான், வீம்பு பண்ணாதே.

மதினி கண்ணுக்குத் தண்ணீர் படலாம் என்று டாக்டர் சொன்னதும் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். சென்னையில் காலை கோரமண்டலத்தைப் பிடித்தால் அன்று இரவே இங்கே இறங்கலாம், மகன் ஸ்டேஷனுக்கு வருவான். இந்தத் தடவை டூர் வேண்டாம். பாசஞ்சரில் பொர்ரா குகலு ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவோம், குகை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காலை முழுக்கக் குகை, பிறகு ஜீப் பிடித்து அரக்கு. மஞ்சள் பூ ஜனவரிக்குள் போய்விடும், குளிர் நன்றாக இருக்கும். கம்பளி எடுத்து வா.

பென்ஷனுக்கு லைஃப் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டாயா? இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. போன வருஷம் மாதிரி கடைசி நாள் பாங்க் வரிசையில் போய் நிற்காதே.

அன்புடன்,
நடராஜன்