ஐஸ் பெட்டிக்குள் ஒரு வாசிகசாலை

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வாசிகசாலை என்னவானது என்று விசாரித்த எல்லாருக்கும் முதலில் பதில்: புத்தகங்களில் பாதிக்கு மேல் தப்பிவிட்டன. சிலவற்றில் இன்னும் ஈரம் இருக்கிறது. எல்லாவற்றிலும் மீன் மணம் இருக்கிறது. அந்த மணத்துக்குக் காரணமானவருக்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி. மற்றவர்கள் கோவிக்க வேண்டாம், உங்களிடமும் வருகிறேன்.

குளங்கள் நிரம்பி வான் பாய்ந்ததிலிருந்து நடந்தவற்றை நான் திரும்ப எழுதப்போவதில்லை. வன்னியில் இருக்கிறவர்கள் அதற்குள் நின்றீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நித்திரை இல்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. அதனால்தான் புத்தகங்களுக்காகக் கவலைப்படவாவது எங்களுக்கு வாய்த்தது.

தண்ணீர் வடிந்து வாசிகசாலைக் கதவைத் தள்ளித் திறந்தபோது புத்தகங்கள் கீழே விழுந்து கிடக்கும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. மாத நாவல் அச்சிடுகிற கடதாசி தண்ணீரை உறிஞ்சி வீங்கி, ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றைக்கூட உருவ முடியாமல் இறாக்கையோடு இறுகி நின்றன. ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர் என்பார்கள். அதில் எங்களிடம் இருந்த ஒரு வரிசை முழுதும் ஒரே கட்டையாகிப் போயிருந்தது. பெடியள் இறாக்கையின் பக்கப் பலகையைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள்.

வவுனியாவில் நூலகராக இருக்கிற என் பள்ளித்தோழிக்கு, சிக்னல் கிடைக்கிற மதகடியில் நின்று கோல் எடுத்தேன். நனைந்த தாளில் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும் என்றாள். வெயிலில் போட்டால் நெளிந்து முறுகும். பளபளப்பான படத்தாள்கள் அப்படியே காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு பிரிக்கவே முடியாது. இவ்வளவையும் ஒரேயடியாகக் காயவைக்க ஆட்களும் இல்லை, இடமும் இல்லை என்றால் ஒரு வழிதான்: உறையவைப்பது. உறைந்த புத்தகத்தில் பூஞ்சணம் வளராது. பிறகு ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக் காயவைக்கலாம்.

“ஊரில கரண்டே இல்லை, இவள் பிறீசர் கேக்கிறாள்” என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர.

முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடி வைத்திருக்கிற அண்ணை அவர். எங்கள் பக்கத்துக்கு மீன் கொண்டுவருகிறவர் என்ற அளவில்தான் எனக்கு அவரைத் தெரியும். விலை குறைக்கச் சொல்லி வாய்த்தர்க்கம் பட்டதும் உண்டு. அன்று அவரிடம் மீன் இல்லை. சொந்தக்காரரைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் பாண் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“கடல் அடிக்குது. ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. என்ர பிறீசர் ரெண்டும் சும்மா கிடக்கு. கொண்டு வாங்கோ ரீச்சர்.”

“கரண்ட்?”

“ஜெனரேற்றர் இருக்கு.”

“அண்ணை, டீசல்...”

“மீன் கிடந்தா போடுவன்தானே. புத்தகம் கிடந்தா போடமாட்டனோ?”

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அவரே ஒரு பட்டா லொறி பிடித்து அனுப்பினார். நாங்கள் போய்ச் சேரும்போது பிறீசர் இரண்டையும் கழுவித் துடைத்து, வாடி வாசலில் சொப்பிங் பைகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு இருந்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாகப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அள்ளிப் போட விடவில்லை. அறக்குளா மீன் அடுக்குகிற மாதிரி, முதுகு கீழே, வயிறு மேலே, வளையாமல், இடையில் காற்றுப் போக விட்டு, தன் கையாலேயே அடுக்கினார். “முதுகு முறிஞ்சா மீனும் விலை போகாது ரீச்சர்.” பிறகு தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நூலகத்துறையில் சொல்லிக்கொடுக்கிற முறையே அதுதானாம்: தனித்தனியாகச் சுற்றி, முதுகு கீழே இருக்க வைப்பது.

அடுக்கும்போது அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கத்தி, துப்பாக்கி, பாதி முகம் தெரிகிற பெண், இரத்தம் சொட்டுகிற எழுத்து. அரைவாசியில் நிமிர்ந்து கேட்டார்: “இவ்வளவு கொலையோ உங்கட வாசிகசாலையில?”

இதை வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடி, அந்த மாதம் வாசித்ததைச் சொல்லுவோம். உரை, விமர்சனம், பொன்னாடை ஒன்றும் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா “சரி, என்ன வாசிச்சனீங்கள்?” என்று தொடங்குவார். பிளேன்டீயும் கச்சானும் முடிகிறவரைக்கும் போகும். அதில் பத்துக்கு ஏழு கொலைக்கதை. யுத்தத்தில் இவ்வளவு பார்த்த சனம் ஏன் கொலையைத் தேடி வாசிக்கிறது என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் முகத்தைச் சுளித்தார். எங்கள் வட்டத்தில் ஒரு அம்மா இருக்கிறா. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் தொடங்கிய போராட்டத்தில் மகனின் படத்தோடு இருந்தவ. அவ சொன்ன பதிலுக்கு மேலே எனக்குப் பதில் தெரியாது: “கதையில ஒரு ஆள் செத்தா, ஆரோ ஒருத்தர் வந்து ஏனெண்டு கேக்கினம்.”

அண்ணைக்கும் அதையே சொன்னேன். ஒன்றும் பேசாமல் அடுத்த பையை வாங்கினார்.

கொலைக்கதைகளுக்குள் ஐயாவின் அகதா கிறிஸ்டி வரிசையும் போனது. கிறிஸ்டி முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்து நஞ்சுகளைப் பற்றி அறிந்தவர். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலிலேயே கொலை நஞ்சால்தான். எங்கள் ஐயா இரசாயனம் படிப்பித்தவர் என்பதால் கொலைகாரனை விட்டுவிட்டு மருந்துப் போத்தலைத்தான் துரத்துவார். அந்த நாவலைச் சொன்ன ஞாயிறு, கரும்பலகையில் எழுதி விளக்கி, “பிழை பிடிக்க ஏலாது” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் அமர்ந்தார். அந்தப் புத்தகம் உறைந்து, உருகி, காய்ந்து, இப்போது கொஞ்சம் கோணலாக நிற்கிறது. வாசிக்கலாம்.

எங்களுக்கு அதிகம் பயம் இருந்தது றொக் பாடகர்களின் வாழ்க்கைக் கதைகளில். லண்டனிலிருந்து வந்துபோன ஒரு குடும்பம் சூட்கேசோடு விட்டுப்போனவை அவை. தடித்த புத்தகங்கள், நடுவில் படத்தாள்கள். தோழி பயமுறுத்திய அதே பளபளப்புத் தாள்கள். அவற்றைத்தான் முதலில் பிறீசருக்குள் வைத்தோம். இவற்றை யார் வாசிப்பது என்று நான் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் அடிக்கிற தம்பி ஒருவன் அகராதியோடு இருந்து வாசிப்பான். அவனுடைய கிற்றாரில் தடித்த கம்பி அறுந்து, புதிது வாங்க யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது. றோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவில் கிற்றார் அடிக்கிற கீத் றிச்சர்ட்ஸ் 2010இல் வெளியிட்ட தன் கதையில், அந்தக் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, மிச்ச ஐந்தையும் வேறு சுருதியில் கட்டித்தான் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதை வாசித்த அன்று தம்பி சைக்கிளில் பறந்து வந்தான். “அக்கா, எனக்குக் கம்பி தேவையில்லை!” அந்த ஞாயிறு ஐந்து கம்பியில் எங்களுக்கு அடித்தும் காட்டினான். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எல்லாரும் கைதட்டினோம்.

இதே கீத் றிச்சர்ட்ஸ் 1998இல் தன் வீட்டு நூலகத்தில் ஏணியில் ஏறிப் புத்தகம் எடுக்கப் போய் விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டவர். அதனால் அவர்களுடைய ஐரோப்பியச் சுற்றுப்பயணம் தள்ளிப்போனது. போதைப்பொருளுக்கும் பொலிசுக்கும் தப்பிய மனிதனைப் புத்தகம் விழுத்தியது. இறாக்கை தூக்கி முதுகு பிடித்துக் கிடந்த பெடியளுக்கு இதைச் சொன்னபோது, தங்களுக்கும் உலகப் புகழ் கிடைத்த மாதிரிச் சந்தோசப்பட்டார்கள்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீனின் 2016 சுயசரிதை காய்ந்து வந்ததும் வேறொருவர் கேட்டு வாங்கிப் போனார். மேடையில் மணித்தியாலக்கணக்கில் பாடுகிற அந்த மனிதன், தான் மனச்சோர்வில் கிடந்த காலத்தை மறைக்காமல் அதில் எழுதியிருக்கிறார். தம்பி அந்தப் பகுதியைத் தமிழில் சொன்ன ஞாயிறு, வழமையாகப் பேசாமல் இருந்து போகிறவர் “அதைத் திருப்பிச் சொல்லு” என்று கேட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் வீட்டு அலுமாரியில் அது இப்போது பத்திரமாக இருக்கிறது. திருப்பித் தர அவசரமில்லை என்று இதன்மூலம் அறிவிக்கிறேன்.

காயவைத்த கதைக்குள் வந்தால் நன்றி சொல்ல ஆட்கள் நிறைய. மண்டபத்தைத் திறந்துவிட்ட பாதர், கரண்ட் வந்ததும் கடையைப் பூட்டிவிட்டுப் மின்விசிறி இரண்டையும் தூக்கிவந்த சலூன்காரத் தம்பி, பழைய பேப்பர் சேர்த்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், தாளுக்குத் தாள் பேப்பர் வைத்து, ஈரம் இழுத்ததும் மாற்றி, திரும்ப வைத்த மாதர் சங்க அக்காமார், ஒட்டுசுட்டானிலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் பலகை ஏற்றிவந்த அண்ணாமார், சோறும் பருப்பும் தந்த கோயிலடி ஆட்கள், வீட்டிலேயே முழங்கால் சேறு கிடக்க, புத்தகத்துக்கு வந்து நின்ற எல்லாரும். பெயர் போட்டால் ஒருவரை விட்டுவிடுவேன் என்ற பயத்தில் யாருடைய பெயரையும் போடவில்லை. காசு அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்குக் கணக்கு வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்படும். படம் எடுத்து அனுப்புவேன். தொலைபேசியிலேயே எங்களை மேய்த்த என் தோழிக்கு நன்றி சொன்னால் ஏசுவாள், ஆகவே விடுகிறேன்.

அவள்தான் சொன்னாள், 1966 நவம்பரில் இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகி ஃபுளோரன்ஸ் நகர நூலகங்கள் சேற்றில் மூழ்கியபோது, உலகின் பல பக்கமிருந்தும் இளம் ஆட்கள் போய் நின்று புத்தகங்களைச் சேற்றிலிருந்து தூக்கினார்கள் என்று. பல புத்தகங்களைப் புகையிலை உலர்த்துகிற சூளைகளில் காயவைத்தார்களாம். இதை அண்ணையிடம் சொன்னேன். “அப்ப அவையின்ர புத்தகம் சுருட்டு மணக்கும், எங்கட மீன் மணக்கும்” என்றார். வாடைக்காலம் முழுதும் வருமானம் குறைந்த மனிதன் அவர். டீசலுக்குச் சேர்த்த காசை இரண்டு தரம் நீட்டியும் வாங்கவில்லை. மூன்றாம் தரம் நீட்டினால் பிறீசரைப் பூட்டிவிடுவேன் என்றார். கடல் அடங்கி முதல் படகுகள் போன பிறகும் ஒரு பிறீசரை எங்களுக்கே விட்டுவைத்தார். மற்றதில் மீனை நெருக்கி அடுக்கிச் சமாளித்தார். புத்தகத்தை எடுங்கோ என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உதவி கேட்டுப் போன இடங்களில் படிவமும் “அடுத்த கிழமை வாங்கோ”வும் கிடைத்த நாட்களில், அந்தப் பிறீசர் மூடியைத் திறந்து ஒரு கட்டை எடுத்துவருவது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஆகவே ஒரு முடிவு. அடுத்த ஞாயிறு வட்டம் வாசிகசாலையில் இல்லை, அண்ணையின் வாடியில். அவர் சம்மதித்துவிட்டார். பிளேன்டீ அவருடையது, கச்சான் எங்களுடையது. பாய் கொண்டுவாருங்கள், மணல் ஈரமாக இருக்கும்.

கடைசியாக அவருக்காக ஒரு கேள்வி. அவர் பெரிய வாசகர் இல்லை. ஆனால் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில் ஒரு கொலைக்கதை கைக்குக் கிடைத்திருக்கிறது. முன்னட்டை இல்லை, கடைசித் தாள்களும் இல்லை. ஆரோ அடுப்பு மூட்டக் கிழித்திருப்பினம் என்கிறார். மலைப் பக்கத்துப் பங்களா ஒன்று. அண்ணன், தம்பி, அண்ணனின் மனைவி, வீட்டோடு இருக்கிற டொக்டர், ஒரு கால் இழுத்து நடக்கிற தோட்டக்காரன். அண்ணன் செத்துக் கிடக்கிற அறையில் சுவர்மணிக்கூடு நின்றுபோய் இருக்கிறது. மணிக்கூட்டுக்குள் ஒரு சாவி இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதோடு தாள் முடிகிறது. இவ்வளவு காலமாக அண்ணை தோட்டக்காரன்தான் என்று இருக்கிறார். எனக்கு டொக்டரில் சந்தேகம். ஐயா கதையைக் கேட்டுவிட்டு, என்ன நஞ்சு என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கதை எது என்று உங்களில் யாருக்காவது பிடிபட்டால், புத்தகத்தின் பெயரையும் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். தேடி வாங்கி அவர் கையில் கொடுக்க வேண்டும். கொலைகாரன் யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவர் மகள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுவாள்.