மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, ஓய்வு நாளையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தருகிறீர்கள். அந்த நன்றி மனதில் இருக்கத்தான் எழுதுகிறேன்.

என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அண்மையில் வகுப்பு முடிந்து வந்தவள் சாப்பாட்டைத் தொடவில்லை. "கூர்ப்பைப் பற்றிக் கேட்டேன் அப்பா. சோதனைக்கு எழுது, ஆனால் நம்பாதே என்று சொல்லிவிட்டார்கள்" என்றாள்.

கூர்ப்பு, அதாவது உயிரினங்கள் காலப்போக்கில் மெல்ல மாறி இன்றைய வடிவுக்கு வந்தன என்ற கொள்கை, பிழை என்று வாதாடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திராது. மனதில் இல்லாததை எழுதிப் புள்ளி வாங்கு என்று, பொய்ச்சாட்சி சொல்லாதே என்று படிப்பிக்கும் அதே வகுப்பில் சொல்லலாமா?

கூர்ப்பை நம்பாதே என்று திருச்சபை நம்மிடம் கேட்கவே இல்லை. மனித உடலின் தோற்றம் பற்றிக் கூர்ப்பு சொல்வதை ஆராயத் தடையில்லை என்று 1950இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். ஆன்மா கடவுளிடமிருந்து நேரே வருவது என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். கூர்ப்பு வெறும் கருதுகோள் அல்ல, அதற்கு மேலானது என்று 1996இல் இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். பட்டாணிச் செடியில் பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. அண்டம் தோன்றிய விதத்தைச் சொல்லும் பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர் ஒரு குருவானவர். அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுவதை அவரே விரும்பவில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலைத் திறந்து பாருங்கள். முதல் அதிகாரத்தில் மரம் செடி, விலங்கு எல்லாம் வந்தபின் கடைசியாக மனிதன் வருகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், அப்புறம்தான் தோட்டமும் விலங்குகளும். முதல் நாளில் ஒளி, நான்காம் நாளில்தான் சூரியன். இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்று சொன்னார்கள். அந்த நாட்கள் நம் நாட்களைப் போன்றவை அல்ல என்று புனித அகுஸ்தினார் 1600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். வானத்தையும் பூமியையும் பற்றி அறிந்த பிறமதத்தவர் முன், மறைநூலின் பெயரால் பிழையாகப் பேசினால், இறந்தோரின் உயிர்ப்பைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்றும் கேட்டார். பல மதத்தவரோடு ஒரே வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தினமும் நடப்பது.

மகளைக் கோணேசர் கோயில் மலைக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் திமிங்கிலம் ஒன்று மூச்சுவிட்டது. வெள்ளைப் புகைபோல எழுந்து, காற்றில் சரிந்து, கரைந்தது. அதன் உடலுக்குள் முதுகெலும்போடு சேராமல் சின்ன இடுப்பெலும்புகள் கிடக்கின்றன என்றாள் அவள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் மூதாதையர் நாலு காலில் நிலத்தில் நடந்தார்களாம். சொல்லிவிட்டு, "ஆண்டவர் எவ்வளவு பொறுமைசாலி" என்றாள். எனக்குச் செபம் போலக் கேட்டது.

கடினமான கேள்விகளும் இருக்கின்றன. ஆதாமை எப்படி விளங்கிக்கொள்வது? பாவம் வருமுன்பே விலங்குகள் செத்தனவா? எனக்கும் முழுப் பதில் இல்லை. தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிறு அந்த இரண்டு அதிகாரங்களையும் அவர்களோடு சத்தமாக வாசியுங்கள். உயிரியல் ஆசிரியர் ஒருவரையும் கூப்பிடுங்கள். இடமிருந்தால் நானும் கடைசி வாங்கில் வந்து இருக்கிறேன்.

இப்படிக்கு,
உயர்தர மாணவி ஒருத்தியின் தந்தை,
திருகோணமலை