கேள்வி கேட்டபின் மூன்று நொடி

கடலூர்,
நவம்பர், மழை நாள்.

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து விடாத மழை, கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார். அம்மா மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்து வைத்துவிட்டுக் கெடிலம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எதிர்வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். 2011இல் தானே புயல் அடித்ததிலிருந்து, காற்று கொஞ்சம் பலத்தாலே இந்த ஊரில் எல்லாருக்கும் இப்படித்தான்.

முப்பத்தாறு வயதில், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு நீயும் பையை மாட்டிக்கொண்டு இங்கிலாந்தில், அந்த லெஸ்டரில் பயிற்சி ஆசிரியராகப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு வருடப் படிப்பில் 120 நாள் பள்ளிக்கூடத்திலேயே, அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். நான் பி.எட். படித்தபோது மொத்தமே 40 நாள். பாடக்குறிப்பு நோட்டை நீட்டினால் என் வழிகாட்டி ஆசிரியர் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். நான் பாடம் நடத்தும்போது ஒரு நாள்கூட வந்து உட்கார்ந்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், உன் மென்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்துவிடாதே. "பதினொரு கேள்வி கேட்டாய், ஒன்பதுக்கு நீயே பதில் சொல்லிவிட்டாய்" என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன் என்கிறாய். அழாதேடி. உன் வகுப்பை ஒருவர் கேள்வி கேள்வியாக எண்ணிப் பார்த்திருக்கிறார். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் பத்து வருடம் மிச்சமாகியிருக்கும்.

நாம் இரண்டு பேரும் எப்படிப் படித்தோம் என்று யோசித்துப் பார். "புரிஞ்சுதா?" என்பார்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே ராகம் போடும். வகுப்பு அமைதியானால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நமக்குத் தெரியும். டீச்சரான பிறகும் அந்தப் பயம் போவதில்லை. கேள்வி கேட்டு ஒரு நொடி யாரும் பேசவில்லை என்றால் நாமே சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்று ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து கேட்டிருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். போன வருடம் ஒரு பயிற்சியில் இதைக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து கேள்வி கேட்டதும் மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுகிறேன்.

போன வாரம் ஆறாம் வகுப்பில் இருந்தேன். வெளியே மழை. எவனுக்கும் பாடத்தில் கவனமில்லை. சரி என்று புத்தகத்தை மூடிவிட்டு, "கடல் தண்ணி உப்பு. அதிலிருந்து வர்ற மழை ஏன் உப்பா இல்லை?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. எண்ணினேன். மூன்று தாண்டி ஐந்து ஆனது. எனக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்துவிட்டது. ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்கிறது. கடைசி வரிசையில் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கையைக்கூடத் தூக்காமல், "டீச்சர், கருவாடு காயும்போது தண்ணிதான் போவும். உப்பு மீன்லயே தங்கிடும்" என்றான். ஜூனிலிருந்து அவன் குரலை நான் கேட்டதே இல்லை. நீராவியைப் பற்றி நான் எத்தனை படம் வரைந்திருக்கிறேன், கருவாடு என் புத்தியில் தட்டவே இல்லையே.

அப்புறம், எல்லாப் பிள்ளையும் சின்ன வெள்ளைப் பலகையில் பதிலை எழுதித் தூக்கிக் காட்டுகிறார்கள் என்று அதிசயமாக எழுதியிருந்தாய். அது நம் சிலேட்டுதானே! எச்சில் தொட்டு அழித்ததற்கு அடி வாங்கினோமே. இன்னொன்றும் சொல்கிறேன். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் மெட்ராஸில் ஓர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையே தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை மாதிரி. ஊர் திரும்பியபின் 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நீ போய் நிற்கும் நாட்டுக்கு நம் மணல் எப்போதோ போய்விட்டது, செல்வி.

உச்சரிப்பைப் பற்றி நீ கவலைப்படுவது நியாயம்தான். எழுத்தொலியை வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் மாட்டு டாக்டரும் (vet) ஈரமும் (wet) உன் வாயில் ஒரே 'வெட்'டாக வந்தால் குழந்தை குழம்பும். ஆனால் இது உனக்குப் புதிதில்லை. 'வாளப்பளம்' என்றவளை நீதானே நுனிநாக்கை மேலே மடிக்க வைத்து 'வாழைப்பழம்' சொல்ல வைத்தாய்? அந்த வாளப்பளம்தான் இப்போது எழுதுகிறது. கண்ணாடி முன் நில். மாட்டு டாக்டருக்கு மேல்பல் கீழுதட்டில் படட்டும், ஈரத்துக்கு இரண்டு உதட்டையும் குவி. பிள்ளைகளுக்கும் அப்படியே வாயைக் காட்டிச் சொல்லிக்கொடு.

சனிக்கிழமை போன் பண்ணு. உனக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே மூன்றரை, நான் சும்மாதான் இருப்பேன். அடுத்த அப்சர்வேஷனில் எத்தனை கேள்விக்குக் காத்திருந்தாய் என்று சொல்ல வேண்டும். கரண்ட் போய்விட்டது, மீதியைப் போனில் பேசலாம்.

அன்புடன்,
மீனா