கொக்கி மாட்டாத அந்த 4 நொடி

கதிர்,

அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய மான் வேட்டைப் படத்தை அம்மா பெரிதாக்கி உன் முகம் இளைத்திருக்கிறதா என்று பார்த்தாள். என் கண் போனது வேறு இடத்துக்கு. 20 அடி உயரத்தில் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருக்கிறாய், உடம்பைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு ஹார்னஸும் போட்டிருக்கிறாய், ஆனால் முதுகிலிருந்து வரும் வார் மரத்தில் மாட்டாமல் தோளில் கிடக்கிறது.

மான் வேட்டை எனக்குத் தெரியாது, உயரம் தெரியும். தானே புயலுக்கு அப்புறம், 2012 ஜனவரியில், கடலூரில் மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்மைத் தாண்டி மேலே போக பெல்ட் கொக்கியைக் கழற்றினேன். திரும்ப மாட்ட 4 நொடி ஆகும், அதற்குள் ஷூவில் ஒட்டியிருந்த களிமண் வழுக்கி, ஒற்றைக் கையில் தொங்கினேன். தோள் இறங்கியது அன்றைக்குத்தான். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், மாடிப்படியில் விழுந்ததாகத்தான் உங்களிடம் சொன்னேன்.

பரணில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதே. ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து பரணுக்குக் காலை மாற்றும்போது, அதாவது கொக்கி போடாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். அதற்கு லைஃப்லைன் வாங்கு. பரணுக்கு மேலே கட்டி தரை வரைக்கும் தொங்கும் கயிறு அது, அதில் புரூசிக் முடிச்சு இருக்கும், கையால் தள்ளினால் நகரும், உன் எடை விழுந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். கால் தரையில் இருக்கும்போதே கொக்கியை மாட்டு, திரும்பத் தரையைத் தொட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். மேலே உட்கார்ந்ததும் வார் உன் தலை உயரத்திலோ அதற்கு மேலேயோ, தொய்வில்லாமல் இருக்கட்டும். என்னைப்போல் இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பாதே, விழுந்தால் வயிற்றை இறுக்கி மூச்சையே நிறுத்திவிடும்.

ஹார்னஸ் பிடித்துவிட்டது, தொங்குகிறாய் என்று வைத்துக்கொள், அப்போதும் ஆபத்து முடியவில்லை. தொடை வார் ரத்த ஓட்டத்தை அடைக்கும், அசையாமல் தொங்கினால் சில நிமிடத்திலேயே மயக்கம் வரலாம். அதற்கென்று ஒரு கால்வார் உண்டு, அதில் காலை ஊன்றி எழுந்து நில், காலை அசைத்துக்கொண்டே இரு. போன் பையில் வேண்டாம், கை எட்டும் சட்டைப் பாக்கெட்டில் வை. எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று கூட வருபவர்களிடம் சொல்லிவிட்டுப் போ.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே. தோட்டாவை எடுத்துவிட்டு கீழே கயிற்றில் கட்டிவை, நீ மேலே போய் வாரை மாட்டிய பிறகு இழுத்துக்கொள்ளலாம். போன வருஷம் கட்டிய பரண் என்றால் வாரையெல்லாம் விரலால் தடவிப் பார், வெயிலிலும் பனியிலும் இற்றுப்போயிருக்கும், அணிலும் கடித்திருக்கும். ஒரு தடவை விழுந்து பிடித்த ஹார்னஸை திரும்பப் போடக் கூடாது, விலையைப் பார்க்காதே, பணம் நான் அனுப்புகிறேன்.

விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும் என்றாயே, அன்றைக்கு ஏறும் முன் தரையில் நின்றபடியே கொக்கி மாட்டியதைப் படம் எடுத்து அனுப்பு. உனக்கு விடியற்காலை ஐந்தரை என்றால் இங்கே மாலை 5 மணி. அன்று சில்வர் பீச்சுக்கு நடக்கப் போகமாட்டேன், வீட்டிலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்பா