மின்கம்பத்தில் கேபிள் வேலை: ஏறும் முன் படியுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மழைக்கு முன் ஃபைபர் கேபிள் மாற்றும் வேலை பல ஊர்களில் தொடங்கிவிட்டது. மின்வாரியக் கம்பத்தில் ஆள் ஏற்றும் ஒப்பந்ததாரர்கள் கவனிக்கவும்.

பிரிவு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்வது லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி, லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) ஆகாது. அதை மின்வாரிய ஊழியர்தான் முறைப்படி வாங்குவார். வேலை முடிந்து, மீண்டும் மின்சாரம் விட அவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன், நம் ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று தலை எண்ணிச் சொல்வது நம் மேற்பார்வையாளரின் வேலை. வேறு யாரும் சொல்லக் கூடாது.

ஒரே கம்பத்தில் மேலே 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன், கீழே வீட்டு லைன் போகும் இடங்களில் கீழே மட்டும் நிறுத்தினால் போதாது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிச் சுருளை அவிழ்க்கும்போது நுனி துள்ளும். மேல் லைனில் பட்டால் கீழே பிடித்திருப்பவருக்கும் ஷாக்தான். லைனை நிறுத்திய பிறகும், வீடு, கடைகளில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாக மின்சாரம் வரலாம். எர்த் ராடு (நிறுத்திய லைனைத் தரையோடு இணைக்கும் கம்பி) போடாமல் யாரையும் ஏறச் சொல்லாதீர்கள். அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், துணை ஒப்பந்தம் கொடுத்துவிட்டோம் என்று ஒதுங்க முடியாது. இழப்பீடு என்று வந்தால் முதன்மை ஒப்பந்ததாரரையும் சட்டம் கேட்கும். தினக்கூலிக்கு வரும் பையனுக்கும் பெல்ட், ஹெல்மெட், காப்பீடு கட்டாயம் இருக்கட்டும்.

அறுந்த கம்பியைப் பார்த்தால் தொடாமல், ஆட்களை விலக்கி, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு 108.